சரக்கு தீர்ந்துவிட்டதா?

(முன்னாள் மாணவர் கூடலில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் இரண்டு நிபந்தனை போட்டார். பேச்சு கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவதால் யாரும் தூங்கிவிடவும் கூடாது. இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் சினிமாதான். அதனால் டைரக்டர் ஷங்கரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. ஆறே மாதத்தில், 2025 பொங்கல் சமயத்தில், 'கேம் சேஞ்சர்'. இரண்டும் எதிர்பார்த்தபடி போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதிலிருந்து டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் ஒரே பேச்சு. "ஷங்கர் கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சுப்பா." யாரும் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறார்கள். நான் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. சரக்கு தீரவில்லை, வேறு ஒன்று நடந்திருக்கிறது. அது சினிமாக்காரர்களுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை என்பதால்தான் இந்த மேடையில் அதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷங்கர் நம்ம ஆள். கும்பகோணத்தில் பிறந்து, சென்னையில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமா படித்தவர். எஸ்.ஏ. சந்திரசேகரனிடம் உதவியாளராக வேலை பழகி, 1993-இல் 'ஜென்டில்மேன்' எடுத்தார். அடுத்த வருஷமே 'காதலன்'. 1996-இல் 'இந்தியன்', 1998-இல் 'ஜீன்ஸ்', 1999-இல் 'முதல்வன்'. ஏழு வருஷத்தில் ஐந்து படம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

'ஜென்டில்மே'னில் கதாநாயகன் அப்பளக் கம்பெனி நடத்துகிறவன், ராத்திரியில் திருடன். எதற்குத் திருடுகிறான்? காசில்லாமல் பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி கட்டுவதற்கு. தமிழ்நாட்டில் 1984-இலிருந்து சுயநிதிக் கல்லூரிகள் கிளம்பின. அதோடு கேபிடேஷன் ஃபீஸும் கிளம்பியது. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் படம் வருகிறது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ப்ளஸ் டூ முடித்த ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், அவன் அப்பா நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் படம் வருகிறது. முதல்வர் ஸார் முன்னால் நன்கொடை விஷயம் இதற்கு மேல் பேசுவது உசிதமில்லை. மேலே போகிறேன்.

சரக்கு தீர்ந்தது என்பவர்கள் சொல்லும் காரணம் என்ன? சுஜாதா. அவர் போனார், இவருக்கும் போச்சு என்பது டீக்கடை தியரி. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. முதல் இரண்டு படங்களுக்கு வசனம் பாலகுமாரன். 'இந்திய'னிலிருந்து சுஜாதா. 2008 பிப்ரவரியில் சுஜாதா காலமானார். 2010 அக்டோபரில் 'எந்திரன்' வந்தபோது வசனத்தில் சுஜாதா, ஷங்கர், மதன் கார்க்கி என்று மூன்று பெயர். ஒருவர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் ஓட்டு மெஷின் உருவானதில் பங்கெடுத்தவர், ஒருவர் மெக்கானிகல் டிப்ளமா, ஒருவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். ஒரு ரோபோ கதைக்கு இதைவிட நல்ல கமிட்டி அமையாது. அப்போது நான் இங்கே கடைசி வருஷம். காஞ்சிபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஹாஸ்டலில் இரண்டு நாள் அதே பேச்சு.

எதைப் பற்றிப் பேசினோம்? கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான ரோபோ பாம்பாகவும் பந்தாகவும் மாறுகிறதே, அது பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. தீராமல் இருந்தது தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து டி.வி. காமிராக்களுக்கு முன்னால் நிறுத்திவிடும். உயிரைக் காப்பாற்று என்று உத்தரவு, காப்பாற்றிவிட்டது. மானம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. அந்தப் பெண் கூசிப்போய் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது, தப்பு ஸ்பெசிஃபிகேஷனில். இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, அதன் சங்கடம் மொத்தமும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

சரி, தியரிக்கு வருவோம். சுஜாதா இல்லாததுதான் காரணம் என்றால், பிறகு வந்தவர்கள் யார்? 2018-இல் வந்த '2.0'-வுக்கு வசனம் ஜெயமோகன். 'இந்தியன் 2'-வில் ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார். 'கேம் சேஞ்சர்' கதை கார்த்திக் சுப்பராஜ் கொடுத்தது. இவர்களில் யாரையாவது எழுதத் தெரியாதவர் என்று சொல்ல முடியுமா? இன்னொரு பக்கம், சுஜாதா கூட இருந்தபோதே 2003-இல் 'பாய்ஸ்' நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரு ஆளைச் சேர்த்தால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும் என்கிற கணக்கு இங்கே ஒத்துவரவில்லை.

படங்களையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரம்மாண்டம் பிரம்மாண்டம் என்கிறோம். ஷங்கர் எடுத்ததிலேயே உசத்தியான காட்சி எது என்று என்னைக் கேட்டால், 'முதல்வ'னில் வரும் டி.வி. பேட்டி. இரண்டு நாற்காலி. ஒன்றில் ரகுவரன், முதலமைச்சர். எதிரில் அர்ஜுன். சாதாரண காமிராமேன், அன்றைக்கு என்று பேட்டி எடுக்க உட்கார்த்தி வைக்கப்பட்டவன். கேள்வி, பதில், கேள்வி, பதில். கிராஃபிக்ஸ் கிடையாது, வெளிநாடு கிடையாது. ரகுவரன் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்குவது ஒன்றுதான் ஸ்பெஷல் எஃபெக்ட். அந்தக் காட்சி எழுதி முடிக்கும் வரை எத்தனை முறை கிழித்துப் போட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் கிழித்துப் போட்டால் நஷ்டம் ஒரு தாள்தான்.

அடுத்து 'இந்தியன்'. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர். லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரு பஸ்ஸுக்குச் சான்று கொடுக்கிறான். பஸ் நிற்கவில்லை, குழந்தைகள் சாகிறார்கள். கையெழுத்துப் போட்டவன் கதாநாயகனின் சொந்த மகன். ஒரு பிரேக், ஒரு கையெழுத்து. இதில் நாடு, சமுதாயம், சிஸ்டம் என்று பெரிய வார்த்தை ஒன்றுமே தேவைப்படவில்லை. ஆட்டோமொபைல் லேபில் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தப் பயம் வயிற்றில் தெரியும். கிழவர் கடைசியில் கத்தியை எடுப்பது பெற்ற பிள்ளைக்கு எதிராக.

'இந்தியன் 2'-விலும் கரு நல்ல கருதான். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். முதலில் உன் வீட்டைச் சுத்தம் பண்ணு என்று கிழவர் சொல்கிறார். இளைஞர்கள் நம்பி, சொந்த அப்பாவையே காட்டிக்கொடுக்கிறார்கள். வீடு உடைகிறது. தாயை இழந்த பையன், எல்லாம் உன்னால்தான் என்று கிழவர் மேலேயே திரும்புகிறான். எப்பேர்ப்பட்ட இடம் இது! யோசனை சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கேட்டவன் குடும்பம் போய்விட்டது என்றால் யோசனை சொன்னவன் நிலைமை என்ன? படம் முழுக்க இதைத்தான் பேசியிருக்க வேண்டும். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை ஊர், எத்தனை வர்மம், எத்தனை மாளிகை. கருவைச் சுற்றி உமி. வெளியான இரண்டு மூன்று நாளிலேயே பன்னிரண்டு நிமிஷத்தை வெட்டினார்கள். டெலிவரி கொடுத்த பிறகு கஸ்டமர் வீட்டில் வைத்து ராவுகிற மாதிரி.

இங்கேதான் என் கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. எடுத்தது அதிகமாகிப் போய் 'இந்தியன் 2' இரண்டு படமாகப் பிரிந்தது. முடியும்போதே மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். 'கேம் சேஞ்சர்' ஐந்து மணி நேரத்துக்கு மேல் வந்தது, குறைக்க வேண்டியதாயிற்று என்று ஷங்கரே பேட்டியில் சொன்னார். சரக்கு தீர்ந்தவன் ஐந்து மணி நேரம் எடுப்பானா? குதிர் நிறைய நெல் இருக்கிறது, தூற்ற ஆளில்லை. நம்ம பக்கத்துக் களத்துமேட்டில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று இல்லாத நாளில் தூற்றினால் நெல்லும் பதரும் ஒரே இடத்தில்தான் விழும்.

அந்தக் காற்று எங்கே போனது? இப்போது பழைய கணக்கை எடுங்கள். ஆரம்பத்தில் ஏழு வருஷத்தில் ஐந்து படம். 2015 'ஐ', 2018 '2.0', 2024, 2025 என்று கடைசிப் பத்து வருஷத்தில் நான்கு. அதிலும் 'இந்தியன் 2' ஷூட்டிங் தொடங்கியது 2019 ஜனவரியில். 2020 பிப்ரவரியில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா, பிறகு தயாரிப்பாளரோடு கோர்ட் வழக்கு. 2022-இல்தான் மறுபடி தொடங்கியது. அதற்குள் 'கேம் சேஞ்ச'ரும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய லைன், ஒரே சூப்பர்வைசர். ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்.

செட் சின்னதாக இருந்தால், காட்சி சரியில்லை என்று சாயங்காலம் தோன்றினால் மறுநாள் மாற்றி எடுக்கலாம். கோடிக்கணக்கில் செட் போட்டு, ஆயிரம் பேரை நிறுத்திய பிறகு "இந்தக் காட்சியே வேண்டாமே" என்று யார் வாயைத் திறப்பது? உதவி இயக்குநரா? முப்பது வருஷ வெற்றிக்கு முன்னால் இருபத்தைந்து வயசுப் பையன் பேசுவானா? தூக்கி எறிவதற்கு ஆகும் செலவு ஏற ஏற, தூக்கி எறிவது நின்றுபோகிறது. என் கணிப்பில் ஷங்கருக்கு நடந்தது இதுதான்.

'2.0'-வைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. முப்பரிமாணக் காமிராவிலேயே எடுத்த படம். செல்போன்கள் கூட்டமாகப் பறந்து ராட்சசப் பறவையாக மாறும்போது நானும் விசில் அடித்தேன். ஆனால் டவர் கதிர்வீச்சால்தான் பறவைகள் சாகின்றன என்று படம் அடித்துச் சொல்கிறது. இங்கேயிருந்து பக்கத்தில்தான் வேடந்தாங்கல். வருஷா வருஷம் பறவை வருவது ஏரி நிரம்புவதைப் பொறுத்தது என்று அந்த ஊரில் மாடு மேய்க்கிற பிள்ளைகூடச் சொல்லும். டவரால் பறவை செத்தது என்பதற்கு உறுதியான நிரூபணம் கிடையாது. பிறகு படம் ஆரா, நெகட்டிவ் எனர்ஜி என்று எங்கேயோ போய்விடுகிறது. தீ விபத்துக் காட்சியை எடுத்த அதே கைதான் இதையும் எடுத்தது. கதைக் கூட்டத்தில் யாராவது "ஸார், வேடந்தாங்கல் போய் ஒரு நாள் கேட்டுட்டு வரலாமே" என்று சொல்லியிருந்தால் போதும்.

தம்பிகள் முகத்தைப் பார்த்தால் சினிமாவை விட விடியோ கேமில்தான் ஈடுபாடு அதிகம் போலிருக்கிறது. அங்கேயும் இதே வழக்கு உண்டு. பீட்டர் மாலினியூ என்று ஒரு ஆங்கிலேயர். 1989-இல் 'பாப்புலஸ்' செய்து, கடவுளாக இருந்து விளையாடும் கேம் என்கிற வகையையே பிரபலமாக்கியவர். பின்னால் ஒவ்வொரு கேமுக்கும் முன்னாலேயே ஆகாசக் கோட்டை கட்டுவார். 'ஃபேபிள்' 2004-இல் வருவதற்கு முன், அதில் ஒரு விதையைத் தட்டிவிட்டால் காலப்போக்கில் மரமாக வளரும் என்றார். கேம் வந்தது, மரம் வரவில்லை. அதை இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். செய்து பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

ஜப்பானில் ஷிகெரு மியாமோட்டோ. 1985-இல் 'சூப்பர் மரியோ', 1986-இல் 'செல்டா'. வேலை பாதியில் இருக்கும்போது வந்து, இது சரியில்லை, முதலிலிருந்து செய் என்று விடுவாராம். சாப்பாட்டு மேஜையைக் கவிழ்ப்பது என்று அவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கவிழ்க்கப்பட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த தலைமுறை. 2017-இல் செல்டா வரிசையில் பிரம்மாண்டமான ஒரு கேம் வந்தது, உங்களில் பாதிப் பேர் விளையாடியிருப்பீர்கள். இயக்கியவர் மியாமோட்டோ இல்லை, ஃபுஜிபயாஷி என்பவர். மலை, காடு, மழை, தீ என்று எல்லாவற்றையும் முப்பரிமாணத்தில் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1986 கேம் மாதிரியே தட்டையாக, கட்டம் கட்டமாக, ஒரு சின்ன மாதிரி செய்தார்கள். இந்தத் தீ இந்த மரத்தைப் பற்றுகிறதா, விளையாடுகிறவனுக்கு ஸ்வாரஸ்யம் வருகிறதா என்று அதில் பார்த்துக்கொண்டார்கள். பிடிக்கவில்லை என்றால் குப்பையில் போடலாம். அதாவது அவர்களுடைய இரண்டு நாற்காலி அது.

இதை இங்கே ஏன் இழுக்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு டிசைன் ஸார் இருந்தார். ஃபிக்சர் போடுவதில் சூரர். அவர் வரைந்த ஃபிக்சர்கள் பல வருஷமாக லைனில் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவருக்குத் தனி கேபின் கொடுத்தார்கள், புது சாஃப்ட்வேர் கொடுத்தார்கள், ஷாப் ஃப்ளோருக்கு அவர் இறங்கி வரத் தேவையில்லாதபடி எல்லாம் மெயிலில் போயிற்று. முன்பெல்லாம் ஆபரேட்டர் "என்னா ஸார், கை உள்ள போகாதே இதுல" என்று மூஞ்சிக்கு நேரே சொல்வார், இவர் அரை மணியில் பென்சிலில் மாற்றித் தருவார். அது நின்றது. தொடர்ந்து மூன்று டிசைன் திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு வயசில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மீட்டிங்கில் ஒருவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "அவர் கிட்ட இனிமே ஒண்ணும் இல்லப்பா." ஸ்டோர்ஸில் உட்கார்ந்துகொண்டு அவர் ரேக் அமைப்பை மாற்றி, தேடும் நேரத்தைப் பாதியாக்கினார். ஏனென்றால் அங்கே பொருள் எடுக்க வருகிறவன் அவர் எதிரிலேயே நின்று திட்டுவான். சரக்கு அவரிடம் இருந்தது. அவரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பியவர்கள் அதற்குப் பிறகும் இதை யோசிக்கவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார் பலருக்கு அந்த வயசு நெருங்கிவிட்டது. எனக்கும் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம்தான். தம்பிகளுக்கு வேறு சிக்கல். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைச் சென்னையில் கடையில் விலைக்கு வாங்கிவருகிற வழக்கம் எங்கள் காலத்திலேயே உண்டு. இப்போது இல்லை என்று ஹெச்.ஓ.டி. சொல்கிறார், நம்புவோம். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்டில் தூக்கி எறிய ஒன்றுமே இருக்காது, அதுதான் அதில் குறை.

உத்திரமேரூரில் நின்றுகொண்டு குடவோலையைச் சொல்லாமல் இறங்கினால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் பார்த்திருப்பீர்கள். ஜனநாயகம் என்று அதைப் பற்றிப் பேசிப் பேசி மீதியைக் கவனிப்பதில்லை. அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. முதலாம் பராந்தகனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919-இல், வாரியத்துக்கு ஆள் எடுப்பது எப்படி என்று ஒரு விதி வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில், 921-இல், அதே சபை அதைத் திருத்தி இன்னும் விவரமாக வேறு ஒன்று வெட்டியது. முதலில் வயசு 30-இலிருந்து 60 வரை. திருத்தத்தில் 35-இலிருந்து 70 வரை. வாரியத்தில் இருந்தவன் மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம். கணக்குக் காட்டாதவன் வரவே முடியாது, அவன் சொந்தக்காரர்களும் முடியாது. கல்லிலே வெட்டியதையே இரண்டு வருஷத்தில் மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள். அதைவிடச் செலவான எடிட்டிங் இருக்க முடியுமா? (சிரிப்பு) அந்தச் சபையிலும் நிலம் இருக்கிறவன், வேதம் படித்தவன் மட்டும்தான் உட்காரலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும், அது தனிப் பேச்சு. அந்த விதிப்படி பார்த்தால் எனக்கு இப்போதுதான் வாரியத்துக்கு வயசு வந்திருக்கிறது. 1963-இல் பிறந்த ஷங்கருக்கு 70 வரை தகுதி உண்டு.

சு. வெங்கடேசன் எழுதிய 'வேள்பாரி'யைப் படமாக எடுப்பது தன் கனவு என்று ஷங்கர் 2025-இல் ஒரு மேடையில் சொன்னார். பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை, யானை, போர் என்று அவருக்குப் பிடித்த எல்லாமே அதில் இருக்கிறது. செட் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. வந்தால் முதல் நாளே போவேன். கபிலரும் பாரியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சிக்கு எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறார் என்று வாட்சைப் பார்ப்பேன்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் டீ குடிக்கும்போது கேளுங்கள். 'சிவாஜி'யை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் முறைக்கிறார், அவருக்குத் தனியாகப் பதில் சொல்கிறேன்.